கடைசிப் பெயர் வரைக்கும்

படம் முடிந்தால் எழும்பிப் போவதுதான் உலக வழக்கம். கதாநாயகன் பிழைத்தானா செத்தானா என்று தெரிந்த பிறகு சனத்துக்கு அங்கே என்ன வேலை? திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது பாதிப் பேர் ஜக்கெட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருப்பார்கள். மற்றப் பாதி வாசலில் நிற்கும். எங்கள் தியேட்டரில் மட்டும் ஒரு மனிதர் இருந்தார். கடைசிப் பெயர் மேலே ஏறி மறைந்து, திரை முழுதாகக் கறுத்த பிறகுதான் லைட் போடுவார். அதற்கு முன்னால் மகாராசாவே வந்து கேட்டாலும் போடமாட்டார்.

நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தியேட்டர் லண்டனில், அப்டன் பார்க்கிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். பழைய கட்டடம், இரண்டு ஹோல். பெரிய ஹோலில் எங்கள் தமிழ்ப் படங்களும் ஹிந்திப் படங்களும் ஓடும். சின்ன ஹோலில் எழுபது கதிரை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மத்தியானமும் அதில் இந்த நாட்டுச் சின்னப் படங்களைப் போடுவார்கள். பெரிய கொம்பனிகளின் தயவில்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து, கிடைத்த கமராவை வைத்து, ஒருவர் வீட்டுக் குசினியிலும் இன்னொருவர் காருக்குள்ளும் எடுத்த படங்கள். அந்த ஹோலுக்கு அண்ணைதான் பொறுப்பு. படம் ஓட்டுவது, படம் எடுத்தவர்கள் வந்தால் முன்னால் நிறுத்தி அறிமுகம் செய்வது, பின் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டி லைட் போடுவது எல்லாம் அவர். இரண்டு ஹோலையும் கூட்டுவது நான்.

அந்தப் படங்களைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு படத்தில் ஒருவர் தன் ஆட்டைத் தேடி மழைக்குள் நடந்துகொண்டேயிருந்தார். ஆடு கிடைத்ததா இல்லையா என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். இன்னொன்றில் ஒரு வயதான வெள்ளைக்காரி கேத்தில் கொதிக்கும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். கேத்தில் கொதித்தது. அவள் தேத்தண்ணி ஊற்றவில்லை. படம் முடிந்தது.

"இதைப் பாக்கவோ அண்ணை சனம் பஸ் பிடிச்சு வருது?" என்று கேட்டேன்.

"வாறவைக்குத்தான் பிள்ளை தெரியும்" என்றார்.

வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் படம் எடுத்தவரின் தாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் இருபது நிமிடம்தான். அதற்குள் கதிரைக்குக் கதிரை குனிந்து பொப்கோன் பொறுக்கவேண்டும், கோலா ஒட்டியிருந்தால் துடைக்கவேண்டும். இவரோ இருட்டுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாசித்துக்கொண்டிருப்பார். நடித்தவர், தைத்தவர், சமைத்தவர், வான் ஓட்டியவர், நாய் கொடுத்து உதவியவர், யாரோ ஒருவருடைய மாமி. சின்னப் படம்தானே, பெயரும் கொஞ்சம்தான் என்று நினைக்கவேண்டாம். கூலி கொடுக்க வழியில்லாதவர்கள் நன்றியை அள்ளித்தான் கொடுப்பார்கள்.

"அண்ணை, லைற்றைப் போடுங்கோ. எனக்கு வேலை கிடக்கு."

"பொறும் பிள்ளை. பேர் ஓடுது."

இதுதான் எங்கள் செவ்வாய்க்கிழமை. ஒருநாள் எனக்குக் குனிந்து குனிந்து நாரி வலி, பொறுமையும் இல்லை. சனம் எழும்பினதும் நானே போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. லைட்டை அணைத்துவிட்டு, மெசின் அறைக்குப் போய், பெயர்களை முதலில் இருந்து திருப்பி ஓடவிட்டார். அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள், நான் கூட்டுகிற தும்புத்தடியோடு நடுவில் நிற்கிறேன், மனிதர் வெறும் ஹோலில் நின்று வாசிக்கிறார். பைத்தியம் என்று முடிவுகட்டினேன். அன்றைக்குப் பிறகு நான் அந்தச் சுவிட்சில் கை வைத்ததில்லை.

இன்னொரு நாள் எங்கள் ஆட்களின் குடும்பம் ஒன்று பெரிய ஹோலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, கதவு மாறி இதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே புதுத் தமிழ்ப் படம், இங்கே மழைக்குள் ஆடு தேடுகிறார்கள். கதாநாயகன் இப்போது வருவான், இப்போது வருவான் என்று நினைத்துக்கொண்டு, பொதி பிரித்து ரோல்ஸ் தின்றபடி, முழுப் படத்தையும் பார்த்துவிட்டார்கள். பெயர் ஓடத் தொடங்கியபோதுதான் புருசன்காரன் திடுக்கிட்டு எழும்பினான்.

"என்னண்ணை இது, ஆளே வரேல்லை?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்றார் அண்ணை, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "பேர் முடியேல்லை. வந்தாலும் வரும்."

நான் வாசலில் நின்று வயிறு நோகச் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என் வாயிலேயே அடிக்கலாம் போல இருக்கிறது.

விசயம் எனக்குத் தெரிந்தது ஒரு பனி கொட்டின செவ்வாயில். பஸ் ஓடவில்லை, ஒரு குருவிகூடப் படம் பார்க்க வரவில்லை. அப்போதும் நேரத்துக்குப் படத்தைப் போட்டார். எனக்கும் வேறு வேலை இல்லை, போய் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். பெயர் ஓடும்போது எனக்குப் பக்கத்து வரிசையில் வந்து நின்றார். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஆரைத் தேடுறியள் அண்ணை?"

கடைசிப் பெயர் போன பிறகு சொன்னார். "என்ர பெடியன் இந்தப் படங்களில மைக் வைச்சுச் சத்தம் பிடிக்கிறவன் பிள்ளை. தாய் செத்த பிறகு அவனும் நானும்தான். ஏழு வருசத்துக்கு முன்னம் கோவிச்சுக்கொண்டு போனவன். நம்பரை மாத்திப் போட்டான். எங்க இருக்கிறான், சாப்பிடுறானோ, ஒண்டும் தெரியாது. பேர் வந்தாலெண்டால் இருக்கிறானெண்டு தெரியும்."

அப்போதுதான் விளங்கியது. பெற்றோல் செட்டில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு மனிதர் இந்தத் தியேட்டருக்கு வந்தது அதற்காகத்தான். லண்டனில் இந்தச் சின்னப் படங்களைக் கிழமை தவறாமல் போடுகிற இடங்கள் எத்தனை இருக்கின்றன? எடுப்பவர்கள் எங்கே எடுத்தாலும் ஒருநாள் ஒரு செவ்வாய்க்கிழமை இங்கே கொண்டுவருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் எழுத்தாக நிற்கும். இந்த நாட்டு விண்ணப்பப் பாரங்களிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும், அதை வெறுமையாக விட ஏலாது. குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் வரிசையில் நின்ற காலத்திலிருந்து நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டத்துக்குள் தகப்பன் பெயரைத்தான் நிரப்பினோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆகவே மகனுடைய பெயர் திரையில் வந்தால் அதன் பின்னால் அண்ணையின் பெயரும் வரும். அவர் ஏழு வருடமாகத் தேடியது தன்னுடைய பெயரையும்தான். அதனால்தான் அதை நான் இங்கே எழுதவில்லை. அது வரவேண்டிய இடம் வேறு.

படம் எடுத்தவர்கள் வரும் நாட்களில் அவரைப் பார்க்கவேண்டும். கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து பொரித்துக்கொண்டு வந்த மட்டன் ரோல்ஸைக் கொடுத்து, அவர்கள் இரண்டு கடி கடித்த பிறகு மெதுவாகக் கேட்பார், இந்தப் பெயரில் சத்தம் பிடிக்கிற பெடியன் ஒருவனைத் தெரியுமா என்று. அவர்கள் நல்ல பிள்ளைகள். யோசிப்பார்கள், தலையைச் சொறிவார்கள், விசாரித்துச் சொல்கிறோம் என்பார்கள். ஒருவரும் சொன்னதில்லை.

இனி அந்தக் கேத்தில் படத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அதை எடுத்த பெண்ணும் தாயோடு வந்திருந்தாள். படம் முடிந்தது, பெயர் ஓடியது. நானும் இப்போதெல்லாம் வாசிக்கப் பழகியிருந்தேன். தொற்று வியாதிதானே. சத்தம் பிடித்தவர்கள் வரிசை வந்தது. அதில் அண்ணையின் மகனுடைய பெயர் இருந்தது. பின்னால் அண்ணையின் பெயர் இல்லை. அண்ணை வாயால் நான் பலமுறை கேட்ட, செத்துப்போன தாயின் பெயர் இருந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். கை பின்னால் கட்டியபடி, எப்போதும் போலத்தான் நின்றார். கண்ணில் ஒரு அசைவில்லை. கடைசிப் பெயர்வரை வாசித்தார், லைட்டைப் போட்டார், அந்தப் பெண்ணுக்கு ரோல்ஸ் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மனிதர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். தன் பெயரையே தேடிப் பழகின கண், வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கும். சொல்லலாமா? சொன்னால் மகன் இருக்கிறான் என்று தெரியும். தகப்பன் பெயரை வெட்டி எறிந்துவிட்டான் என்றும் தெரியும். தேனைக் காட்டி நஞ்சையும் ஊட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு செவ்வாயும் அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு கூட்டினேன். லைட்டைப் போடச் சொல்லி மட்டும் பிறகு கேட்கவேயில்லை.

பிறகு புது மனேஜர் வந்தான். கெட்டவன் இல்லை. சனம் இருட்டில் படியிறங்கி விழுந்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டு, புது மெசின் பூட்டுவித்தான். படம் முடிந்து முதல் பெயர் விழுந்ததும் ஹோல் லைட் எல்லாம் தானாகப் பற்றிக்கொள்ளும். பின் சுவர் சுவிட்சைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டு ஒட்டியிருந்தது. அண்ணை அவனிடம் போய், செவ்வாய்க்கிழமை மட்டும் விடச்சொல்லிக் கேட்டார். ஒருவரிடமும் தயவு கேட்காத மனிதர், மகன் வயதுப் பெடியன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவன் இன்னொரு செய்தியும் சொன்னான். ஒன்பது பேருக்காகப் படம் ஓட்ட ஏலாதாம். மாரி முடிய செவ்வாய்ப் படங்களும் நிற்குமாம்.

கடைசிச் செவ்வாய்க்கு ஏழு பேர் வந்தார்கள். படம் முடிந்தது. முதல் பெயர் விழுந்ததும் லைட் பளிச்சென்று பற்றியது. வெளிச்சத்தில் எழுத்து வெளிறிப்போய், கழுவிய சிலேட்டில் மிச்சமிருக்கிற எழுத்துப் போல் இருந்தது. அண்ணை விறுவிறு என்று நடந்து திரைக்குக் கிட்டப் போனார். ஒரு முழத் தூரத்தில் நின்று, கழுத்தை நிமிர்த்தி, நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்து வாசித்தார். வெளியே போன ஒரு சோடி அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பெயர்கள் அவருடைய முகத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணை, வந்து இருங்கோ. ஒண்டு சொல்லவேணும். என்னைப் பேசாதேங்கோ."

முன்வரிசையில் உட்காரவைத்துச் சொன்னேன். கேத்தில் படம், மகன் பெயர், பின்னால் தாயின் பெயர்.

அவர் தலையை ஆட்டினார். "தெரியும் பிள்ளை. அதுக்கு முதல் அந்த ஆட்டுப் படத்திலயும் வந்தது. பனி கொட்டின அண்டைக்கு உம்மட்ட அதை மறைச்சுப்போட்டன். அந்த மழை கேட்டனீரோ? தகரத்தில விழுறது வேற, புல்லில விழுறது வேற. அவன்தான் பிடிச்சவன்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் நிண்டு வாசிச்சனீங்கள்? ஏன் அந்தப் பெட்டையிட்டக் கேக்கேல்லை?"

"மற்றவைக்கு அவனைத் தெரியாது, இவைக்குத் தெரியும். கேட்டால் அவனுக்குச் சொல்லுவினம். கொப்பர் இஞ்ச நிக்கிறார் எண்டு தெரிஞ்சால் இந்தத் தியேட்டருக்குத் தன்ர படம் வராமல் பண்ணிப்போடுவான். பிறகு அந்த மழையும் இல்லை, கேத்திலும் இல்லை."

"பிறகு என்னத்தைத்தான் தேடினனீங்கள்?"

"ஒருக்கால் திருப்பி மாத்தினாலும் மாத்துவான் எண்டு பாத்தன்."

ஹோலில் நாங்கள் இரண்டு பேர்தான். திரை கறுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னார். ஹரோவில் ஒரு பெட்டையின் சாமத்தியச் சடங்கு. சொந்தக்காரர் ஒருவர் பெடியனைப் பிடித்து என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். இப்படி, நீட்டுத் தடியில் மைக்கைக் கட்டி, நடிக்கிறவர்களின் தலைக்கு மேலே பிடிக்கிற வேலை என்று அவன் கையைத் தூக்கிச் செய்து காட்டியிருக்கிறான். யூனிவர்சிற்றிக்குப் போய் தடி பிடிக்கப் படித்தவனோ என்று மேசையே சிரித்திருக்கிறது. அண்ணைக்கு வெட்கம்.

"நான்தான் பிள்ளை சொன்னனான். அவ்வளவு சனத்துக்கு முன்னால. என்ர பேரை வைச்சுக்கொண்டு தடி தூக்கித் திரியாதை எண்டு. அவன் என்ர சொல்லைத் தட்டாத பிள்ளை. இதையும் தட்டேல்லை."

"நானும் இஞ்ச தடிதானே அண்ணை பிடிக்கிறன்" என்று தும்புத்தடியைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த கிழமை அவர் வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. இரண்டு வருடம் கழித்து, போனில் மரண அறிவித்தல் ஒன்று வந்தது. எங்கள் ஆட்களின் அறிவித்தல் தெரியும்தானே, பிறப்பிடம், வதிவிடம், ஆருக்குக் கணவர், ஆருக்குத் தகப்பன், ஆருக்கு மச்சான் என்று நீளும். பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். அன்புத் தந்தை என்ற இடத்தில் மகனுடைய பெயர் இருந்தது. பின்னால் அண்ணையின் பெயர், முழுதாக. மாற்றிவிட்டான் என்று நெஞ்சு துள்ளியது. அடியில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். அண்ணையின் பெறாமகன் ஒருவர், தம்பியின் மகன், கதைத்தார்.

"அதை நான்தான் அக்கா போட்டனான். வழக்கப்படி போடவேணுமெல்லோ. அவனுக்கு ஆரோ மெசேஜ் அனுப்பினவையாம். பதில் இல்லை. வந்தால் வரட்டும்."

செத்தவீட்டுக்குப் போனேன். எரிக்கிற இடத்தில் அரை மணி நேரம்தான் தருவார்கள். இருபது பேர் வந்திருந்தார்கள். ஐயர் சொல்லவேண்டியதைச் சொன்னார், திரைச்சீலை மூடியது, சனம் ஜக்கெட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டு எழும்பிப் போனது. நான் பின் சுவரோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவனை நான் கண்டதில்லை. தகப்பனின் சாடை இருக்கும்தானே என்று பார்த்தேன்.

கறுப்புக் கோட் போட்ட ஒரு வேலையாள் வாசலில் வந்து நின்றான். அடுத்த செத்தவீட்டுக்காரர் வெளியே பூவோடு காத்துக்கொண்டு நின்றார்கள். அவன் மணிக்கூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எல்லோரும் போய்விட்டார்களா என்று மரியாதையாகக் கேட்டான். அவனைக் கோவிக்க எனக்கு வாயில்லை. எத்தனை செவ்வாய்க்கிழமை நானும் அப்படி நின்றேன்.

"கொஞ்சம் பொறும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

பாவம், அவனும் பொறுத்தான். ஒருவரும் வரவில்லை.